சாணக்யபுரி: இடிபாடற்ற பெயரும் பெயரற்ற இடிபாடும்

புது தில்லியின் சாணக்யபுரியில் கௌடில்ய மார்க்கம் என்றொரு சாலை உண்டு. தலைநகருக்கு வரும் தமிழர் பலரும் அறிந்த தமிழ்நாடு இல்லம் அச்சாலையில்தான் அமைந்துள்ளது. அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், சர்தார் படேல் மார்க்கத்தை ஒட்டிய ஆரவல்லி முகட்டுக் காட்டினுள், மால்சா மகால் என்னும் பழைய கற்கட்டடம் பாழடைந்து நிற்கிறது. 1950களில் அயல்நாட்டுத் தூதரகங்களுக்கென வகுக்கப்பட்ட இப்பகுதிக்கு மௌரியப் பேரமைச்சனாக அறியப்படும் சாணக்கியனின் பெயர் சூட்டப்பட்டது. அப்பெயருக்குரியவன் வாழ்ந்ததாகக் கூறப்படும் நகரம் இங்கிருந்து ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் கிழக்கே, இன்றைய பாட்னாவின் அடியில் கிடக்கிறது. இங்கே உண்மையாகவே நிற்கும் இடிபாட்டிலோ, கட்டியவன் இன்னான் என்று கூறும் ஒரு வரி எழுத்துகூட இல்லை. ஒரே குடியிருப்பில் இடிபாடற்ற பெயர் ஒன்றும் பெயரற்ற இடிபாடு ஒன்றும் அருகருகே அமைந்துள்ளன. அரசனையும் அவனது நகரத்தையும் தொல்லியல் எவ்வாறு ஒன்றோடொன்று பொருத்துகிறது, எங்கே பொருத்தத் தவறுகிறது என்பதைக் காண இதைவிட ஏற்ற இடம் தில்லியில் இல்லை.

இச்சிக்கல் இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. மெக்சிகோவின் பலேங்கே நகரில், கல்வெட்டுக் கோயில் எனப்படும் படிக்கட்டுப் பிரமிடின் அடியில், 1952ஆம் ஆண்டு ஆல்பர்ட்டோ ரூஸ் என்னும் அகழாய்வாளர் ஒரு மாயா அரசனின் கல்லறையைக் கண்டார். பச்சைக்கல் முகமூடி, செதுக்கிய கற்பேழை, அதன்மேல் எழுத்துகள் என யாவும் அங்கிருந்தன. எனினும் அந்த எழுத்துகளைப் படிக்க அன்று எவராலும் இயலவில்லை. மாயாக் கல்வெட்டுகள் நாள்மீன் கணக்கையும் வழிபாட்டையும் மட்டுமே கூறுகின்றன என்பதே அக்கால அறிஞர் பலரின் துணிபு. அதே 1952இல் யூரி நோரோசவ் அவ்வெழுத்து ஒலிக்குறிகளையும் கொண்டது என்று சோவியத் ஒன்றியத்திலிருந்து எழுதினார். 1960இல் தாத்தியானா புரோஸ்கூரியகோவ் அக்கல்வெட்டுகள் அரசர்களின் பிறப்பையும் முடியேற்பையும் கூறுகின்றன என்று காட்டினார். 1973இல் பலேங்கேயிலேயே கூடிய ஆய்வாளர்கள் அந்நகரின் அரசர் வரிசையை ஒழுங்குபடுத்தியபோதுதான் பேழைக்குள் கிடந்தவனுக்குப் பகால் என்ற பெயர் நிலைபெற்றது. அவன் இறந்தது கி.பி. 683இல். உடல் கிடைத்து இருபத்தோராண்டு கழித்தே பெயர் கிடைத்தது. அதுவும், எழுத்து கூடவே இருந்ததால் கிடைத்தது.

சாணக்யபுரியில் இதன் இரு பாதிகளும் பிரிந்து கிடக்கின்றன.

முதலில் பெயர். சாணக்கியன், கௌடில்யன், விஷ்ணுகுப்தன் என்ற பெயர்களோடு இணைத்துப் பேசப்படும் அர்த்தசாஸ்திரம், பல நூற்றாண்டுகள் பிற நூல்களில் வரும் குறிப்புகளாலும் மேற்கோள்களாலுமே அறியப்பட்டிருந்தது. அது முழுமையாக வெளிவந்ததில் தமிழ்நாட்டுக்கு ஒரு பங்குண்டு. தஞ்சாவூர் மாவட்டத்துப் பண்டிதர் ஒருவர், கிரந்த எழுத்தில் அமைந்த ஓலைச்சுவடியொன்றை மைசூர் அரசின் கீழ்த்திசை நூலகத்துக்கு அளித்தார். நூலகத்தில் பணியாற்றிய ருத்ரபட்டணம் சாமசாஸ்திரி அதன் மதிப்பை உணர்ந்து, 1905ஆம் ஆண்டளவில் மொழிபெயர்ப்புப் பகுதிகளை வெளியிடத் தொடங்கி, 1909இல் மூலத்தையும் 1915இல் முழு ஆங்கில மொழிபெயர்ப்பையும் பதிப்பித்தார். சுவடியை அளித்தவரின் பெயர் இன்றும் பெரும்பாலான நூல்களில் ‘தஞ்சைப் பண்டிதர்’ என்ற அளவிலேயே நிற்கிறது. பெயர்களைப் பற்றிய இந்த வரலாற்றில் இதுவும் ஓர் இழப்பே.

அச்சுவடி வெளிவந்த காலம் தேசிய இயக்கம் வலுப்பெற்ற காலம். இந்தியருக்கு ஆட்சிக்கலை பற்றிய சிந்தனை இருந்ததில்லை என்ற காலனிய வாதத்துக்கு அந்நூல் தகுந்த மறுமொழியாயிற்று. மௌரியப் பேரரசின் நிருவாகம் இதுவே என்று பாடநூல்கள் எழுதின. பின்னர் வந்த ஆய்வு இவ்வளவு எளிதாக உடன்படவில்லை. 1971இல் தாமஸ் டிரவுட்மன், சொல்வழக்குகளைப் புள்ளியியல் முறையில் ஒப்பிட்டு, நூலின் பல பகுதிகள் ஒரே கையால் எழுதப்பட்டவையல்ல என்று காட்டினார். 2013இல் வெளிவந்த மொழிபெயர்ப்பில் பேட்ரிக் ஒலிவெல் நூலின் மையப்பகுதியைக் கிறித்து பிறப்புக்குப் பிற்பட்ட முதல் நூற்றாண்டை ஒட்டியும், இறுதி வடிவத்தை அதற்கும் பின்னரும் வைத்தார். நந்தரிடமிருந்து நிலத்தை மீட்டவன் இதனை இயற்றினான் என்று நூலின் முடிவில் ஒரு செய்யுள் கூறுகிறது. ஆனால் சந்திரகுப்தன் என்ற பெயரோ பாடலிபுத்திரம் என்ற பெயரோ நூல் முழுவதிலும் இல்லை. பாண்டிய நாட்டு முத்தை மறவாது பெயர் சொல்லிக் குறிக்கும் நூல், தன் அரசனையும் அவனது தலைநகரையும் குறிக்கவில்லை என்பது எண்ணிப்பார்க்க வேண்டியது.

சாணக்கியன் தமிழனே என்ற கூற்று சமூக ஊடகங்களில் அவ்வப்போது தலைகாட்டும். பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சமண அறிஞர் ஹேமசந்திரர் தம் நிகண்டில் சாணக்கியனுக்குரிய மறுபெயர்களுள் ‘திராமிள’ என்பதையும் தருவதே அதற்குச் சான்றாகக் காட்டப்படுகிறது. அதே பட்டியல் காமசூத்திரம் இயற்றிய வாத்ஸ்யாயனரையும் நியாய உரையாசிரியர் பக்ஷிலசுவாமியையும் சாணக்கியனோடு ஒருவராக்குகிறது என்பதைச் சான்று காட்டுவோர் கூறுவதில்லை.

நகரமோ எனின், பாடலிபுத்திரம் மண்ணுக்கடியில் இருப்பதில் ஐயமில்லை. 1890களில் வாடெலும் முகர்ஜியும் பாட்னாவைச் சுற்றித் தோண்டினர். 1912–13இல் டி.பி. ஸ்பூனர் கும்ரஹாரில், வரிசை வரிசையாகத் தூண்கள் நின்ற பெருமண்டபம் ஒன்றின் சுவடுகளைக் கண்டார். 1951 முதல் 1955 வரை அல்தேகரும் விஜயகாந்த மிஸ்ராவும் அதே இடத்தில் மீண்டும் அகழ்ந்தனர். எண்பது தூண் மண்டபம் என இன்று அழைக்கப்படுவது இதுவே. ஸ்பூனருக்குப் பொருளுதவி செய்தவர் பார்சி தொழிலதிபரான சர் ரத்தன் டாட்டா. ஸ்பூனர் வந்தடைந்த முடிவு, அம்மண்டபம் பாரசீகப் பெர்சிபோலிஸ் அரண்மனையின் வழிவந்தது என்பது. அத்தோடு நில்லாது, இந்திய வரலாற்றில் சரதுஷ்டிரக் காலம் ஒன்றிருந்தது என்ற அளவுக்கும் அவர் சென்றார். பணம் கொடுத்தவருக்காக முடிவு வந்தது என்று கூறச் சான்றில்லை. ஆனால் ஒரு மண்டபத்தின் தூண் வரிசையிலிருந்து ஒரு பேரினத்தின் வரலாற்றையே எழுப்பும் விருப்பம் அகழாய்வாளரையும் விட்டுவைப்பதில்லை என்பதற்கு அது சான்று.

புலந்திபாக்கில் கிடைத்த நீண்ட மரவேலி, மெகஸ்தனிஸ் எழுதியதாக வரும் செய்தியோடு நன்கு பொருந்துகிறது. நகரைச் சூழ மரத்தாலான அரண், 570 கோபுரங்கள், 64 வாயில்கள் என்று அக்கிரேக்கத் தூதனின் கூற்று எஞ்சியுள்ளது. அர்த்தசாஸ்திரமோ அரண் மரத்தால் அமைதல் கூடாது, தீ அதில் மறைந்து உறையும் என்கிறது. அமைச்சன் விலக்கிய மரத்தாலேயே அவனுடைய அரசன் கோட்டை கட்டினான் என்று கொள்ளலாம். அல்லது நூல் வேறொரு காலத்தின் கோட்டைகளைக் கண்டு எழுதப்பட்டது என்று கொள்ளலாம். இரண்டாவதே எளிய விளக்கம். மெகஸ்தனிஸின் எஞ்சிய குறிப்புகளில் சாணக்கியன் இல்லை. கி.பி. 150ஐ ஒட்டிய ருத்ரதாமனின் ஜூனாகட் கல்வெட்டு, ஏரியொன்றின் வரலாற்றைக் கூறுகையில் மௌரியச் சந்திரகுப்தனையும் அவனது அலுவலன் புஷ்யகுப்தனையும் குறிக்கிறது, சாணக்கியனைக் குறிக்கவில்லை. அவனை அறிவிப்பவை பௌத்த, சமண மரபுகளும் முத்ராராட்சசம் போன்ற இலக்கியமுமே. அவன் இருந்ததில்லை என்பதற்கு இது சான்றாகாது. அவனது பெயரை ஒரு செங்கல்லோடும் சேர்க்க இயலவில்லை என்பதே இதன் பொருள்.

இனி இடிபாடு. மால்சா மகால் ஒழுங்கற்ற கற்களைச் சுண்ணச்சாந்தில் அடுக்கி, வளைவு வாயில்களும் வளைகூரைகளும் அமைத்துக் கட்டப்பட்டது. அணிவேலைப்பாடு அரிது. பிரோஸ் ஷா துக்ளக் (ஆட்சி 1351–1388) கட்டிய வேட்டை மாளிகை இது என்று பொதுவாகக் கூறுவர். இப்படிக் கூறுவதில் நியாயம் உண்டு. அம்மன்னனுக்கு வேட்டையிலும் கட்டடத்திலும் இருந்த வேட்கையை அவன் காலத்து வரலாற்றாசிரியர்கள் பதிந்துள்ளனர். தில்லியின் வட முகட்டில் குஷ்க்-இ-ஷிகார் என்னும் வேட்டை அரண்மனையை அவன் எழுப்பினான். சாணக்யபுரிக்கு அருகே தீன்மூர்த்தி வளாகத்துள் இன்றும் நிற்கும் குஷ்க் மகாலும் அவ்வகையினதே. ஆயினும் கட்டட பாணி ஓர் அரைநூற்றாண்டைத்தான் காட்டும். ஒரு மனிதனைக் காட்டாது. பிரோஸின் அமைச்சர்களும் அதே கொத்தர்களைக் கொண்டு அதே முறையில் கட்டினர். கல்வெட்டு இல்லாத நிலையில் ‘துக்ளக் காலத்தது’ என்பது உறுதியான கூற்று. ‘பிரோஸ் ஷா கட்டியது’ என்பது நல்ல ஊகம். வழிகாட்டிப் பலகைகள் இவ்வேறுபாட்டைப் பொருட்படுத்துவதில்லை.

தமிழ்நாட்டு மாணவர்க்கு இது புதிய நிலையன்று. கங்கைகொண்ட சோழபுரத்தில் மாளிகைமேடு என்று மக்கள் வழங்கும் திடலைத் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 1980 முதல் அகழ்ந்தபோது செங்கற் சுவர்களும் கூரை ஓடுகளும் இரும்பாணிகளும் கிடைத்தன. சுவரில் அரசன் பெயர் இல்லை. எனினும் ஊர் வழங்கும் மேட்டின் பெயரும், அருகே நிற்கும் கோயிலும், சோழ அரண்மனையைக் குறிக்கும் கல்வெட்டுத் தொடர்களும் ஒன்றையொன்று தாங்குகின்றன. மூன்று ஊன்றுகோல்களில் ஒன்று தவறினும் மற்றவை நிற்கும். மால்சா மகாலுக்கு ஊன்றுகோல் ஒன்றே.

பிரோஸ் ஷாவின் பெயரை இவ்விடிபாட்டுக்கு அவ்வளவு விரைவாக அளிக்கத் தோன்றுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. முன்னோர் விட்டுச்சென்றவற்றை அவனளவுக்குத் தேடித்திரிந்த தில்லி சுல்தான் வேறொருவன் இல்லை. பழைய சுல்தான்களின் கல்லறைகளையும் நீர்நிலைகளையும் பழுதுபார்த்ததைத் தன் பெயரால் வழங்கும் ‘புதூஹாத்-இ-பிரோஸ்ஷாஹி’யில் பட்டியலிடுகிறான். புதிதாக எழுந்த கோயில்களை இடித்ததையும் அதே பெருமிதத்தோடு அதே ஆவணத்தில் பதிகிறான். அவனைப் பழம்பொருள் காவலன் என்று மட்டும் போற்றுவோர் அப்பக்கத்தையும் படித்தல் வேண்டும். இடியால் சிதைந்த குதுப் மினாரை அவன் ஆட்சியில் செப்பனிட்ட செய்தி, அரபு எழுத்தில் மட்டுமன்றி, வேலை செய்த சிற்பிகளின் பெயர்களோடு நாகரி எழுத்திலும் அங்கே பொறிக்கப்பட்டுள்ளது. குதுப் மினாரில் கொத்தன் பெயரும் கிடைக்கிறது. மால்சாவில் அரசன் பெயரும் கிடைக்கவில்லை.

அவன் செய்தவற்றுள் பெரியது தூண்களைக் கொணர்ந்தது. அம்பாலாப் பகுதியிலிருந்த தோப்ரா என்னும் ஊரிலும் மீரட்டிலும் நின்ற இரு பெரும் ஒற்றைக்கல் தூண்களை அவன் தில்லிக்கு நகர்த்தினான். தோப்ராத் தூணின் உயரம் ஏறத்தாழ 13 மீட்டர்; எடை ஏறத்தாழ 27 டன். அது தில்லியில் நிறுத்தப்பட்டபோது பன்னிரண்டு வயதுச் சிறுவனாயிருந்த சம்ஸ்-இ-சிராஜ் அஃபீப், பிற்காலத்தில் அந்நிகழ்ச்சியை விரிவாக எழுதினார். தூணைச் சுற்றி இலவம்பஞ்சைக் குவித்து, அடியைத் தோண்டி, அதனை மெல்ல அப்பஞ்சுப் படுக்கையில் சாய்த்தனர். நாணலும் பச்சைத் தோலும் சுற்றினர். நாற்பத்திரண்டு சக்கரங்கள் கொண்ட வண்டி செய்து, சக்கரத்துக்கொரு கயிறு பூட்டி, கயிற்றுக்கு இருநூறு பேராக இழுத்து யமுனைக்கரை சேர்த்தனர். பெரும்படகுகளைப் பிணைத்து அதில் ஏற்றிப் பிரோஸாபாத் கோட்டைக்குக் கொணர்ந்து, மூன்றடுக்குக் கட்டடத்தின் உச்சியில் நிறுத்தினர். இன்றும் பிரோஸ் ஷா கோட்லாவில் நிற்பது அதுவே. இவ்வேலையின் முறையைப் படங்களோடு விளக்கும் ‘சீரத்-இ-பிரோஸ்ஷாஹி’ என்னும் நூலின் சுவடி இப்போது குதா பக்ஷ் நூலகத்தில் இருக்கிறது. அந்நூலகம் இருப்பது பாட்னாவில். தூணில் எழுதியவனின் தலைநகரில்.

தூணில் எழுத்து இருந்தது. அதைப் படிக்கத்தான் ஆளில்லை. பெயரற்ற இடிபாட்டுக்கு மனிதர் எப்படியெல்லாம் பெயரளிப்பர் என்பதன் முழு வரலாறும் இத்தூண் ஒன்றிலேயே அடங்கியுள்ளது. மக்கள் அதனைப் பீமனின் கைத்தடி என்று கூறியதை அஃபீப் பதிகிறார். எழுத்தைப் படிக்க அழைக்கப்பெற்ற அந்தணருள் சிலர், பிரோஸ் என்னும் மன்னன் வரும்வரை இத்தூணை அசைக்க எவராலும் இயலாது என்று அதில் எழுதியிருப்பதாகக் கூறினராம். படிக்கத் தெரியாதென்று ஒப்புக்கொள்வதைவிட அது பாதுகாப்பான விடை. அவர்களுக்கு இருநூறு ஆண்டு முன்பே, கி.பி. 1164ஐ ஒட்டி, சௌகான் மன்னன் விக்ரகராஜன் என்னும் விசலதேவன் அதே தூணில் தன் வெற்றியைச் சமற்கிருதத்தில் பொறித்திருந்தான். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த ஆங்கிலப் பயணி தாமஸ் கோர்யட், எழுத்து கிரேக்கம் என்றும், போரஸை வென்றதன் நினைவாக அலெக்சாந்தர் நிறுத்திய தூண் அது என்றும் முடிவு கட்டினார். பக்தருக்குப் பீமன், அவைக்குப் பிரோஸ், ஐரோப்பியருக்கு அலெக்சாந்தர். அவரவர் மனத்தில் இருந்த அரசனே அவரவர் கண்ட தூணில் இருந்தான்.

1837இல் கல்கத்தாவில், நாணயச்சாலை அலுவலரான ஜேம்ஸ் பிரின்செப், சாஞ்சியின் கற்கிராதிகளில் குறுகிய பொறிப்புகள் பலவும் ஒரே இரண்டெழுத்தில் முடிவதைக் கவனித்தார். கோயில்களில் கொடையாளர் பெயர் பொறிக்கும் வழக்கத்தை எண்ணி, அச்சொல் ‘தானம்’ ஆக இருக்கலாம் என்று கொண்டார். அத்திறவுகோலைக் கொண்டு தில்லித் தூணின் முதல் தொடரைப் படித்தபோது ‘தேவானாம்பிய பியதசி’ என்னும் அரசன் பேசினான். ஆனால் அவன் யார்? பிரின்செப்புக்குக் கிடைத்த அரசர் பட்டியல்களில் அப்படியொரு பெயர் இந்தியாவில் இல்லை, இலங்கையில் இருந்தது. ஆகவே இத்தூண்களை இலங்கை மன்னன் தேவநம்பிய தீசனுடையவை என்று அவரும் ஒரு தவறான அரசனின் பெயரைச் சேர்த்தார். எழுத்தைப் படித்தவரும் தவறினார் என்பது இங்கே முக்கியம். திருத்தம் இலங்கையிலிருந்தே வந்தது. அங்கு அரசுப் பணியிலிருந்த பாலி அறிஞர் ஜார்ஜ் டேர்னர், தீபவம்சச் சுவடியில் பியதசி என்பது சந்திரகுப்தனின் பெயரனும் பிந்துசாரனின் மகனுமாகிய அசோகனின் மறுபெயர் என்று கண்டு எழுதினார். பிரின்செப் தம் கருத்தை உடனே மாற்றிக்கொண்டார்.

இதன்பின்னும் கல்லில் ‘அசோகன்’ என்ற பெயர் கிடைக்கவில்லை. 1915இல் அன்றைய நிஜாம் ஆட்சிப்பகுதியான மஸ்கியில், பொன் தேடிச்சென்ற பொறியாளர் ஒருவர் கண்ட பாறைக் கல்வெட்டில்தான் அப்பெயர் வெளிப்படையாக வந்தது. இடைப்பட்ட எழுபத்தெட்டு ஆண்டுகள் அசோகனின் அடையாளம் ஓர் இலங்கைப் பாலி நூலின்மேல் நின்றது. மஸ்கி அந்நூலை மெய்யென்று காட்டியது. சாணக்கியனைப் பற்றிய செய்தியும் அதே மரபில் உண்டு. மகாவம்சம், சாணக்கன் என்னும் அந்தணன் சந்திரகுப்தனுக்கு முடிசூட்டினான் என்கிறது. ஆகவே அவனை வெறும் கற்பனை என்று தள்ளிவிடுதல் ஆய்வுமுறையாகாது. அவனுக்கொரு மஸ்கி இன்னும் கிடைக்கவில்லை, அவ்வளவே.

தோப்ராத் தூணில் மட்டுமே முழுமையாகக் கிடைக்கும் ஏழாம் ஆணையின் இறுதியில், கற்றூண்களும் கற்பலகைகளும் உள்ள இடங்களிலெல்லாம் இத்தரும லிபி நெடுங்காலம் நிலைக்குமாறு பொறிக்கப்பட வேண்டும் என்கிறான் அசோகன். கல் நிலைத்தது. அதைப் படிக்கும் ஆற்றல் மக்களிடமிருந்து மறைந்துபோகும் என்று அவன் எதிர்பார்த்திருக்க நியாயமில்லை.

இத்தூண்கள் இரண்டும் வெளியூரிலிருந்து வந்தவை. ஆகவே தில்லியில் மௌரியருக்கு இடமிருந்ததா என்ற கேள்விக்கு அவை விடையாகா. விடை 1966இல் கிடைத்தது. தென் தில்லியில் சீனிவாசபுரிக்கு அருகே, பகாபூரில், வீடுகட்டும் பணி நடந்துகொண்டிருந்த நிலத்தில் ஒரு பாறைமுகத்தில் பிராமி எழுத்துகள் காணப்பட்டன. ஜோஷியும் பாண்டேயும் அதனை அசோகனின் சிறுபாறை ஆணையின் ஒரு படி என்று படித்து வெளியிட்டனர். பெரியோர் மட்டுமல்லர், எளியோரும் முயன்றால் உயர்நிலை எய்தலாம் என்ற செய்தி அதில் உண்டு. அப்பாறையை எவரும் தூக்கிவரவில்லை. அது பிறந்த இடத்திலேயே இருந்தது. பாறை உடைக்கப்பட்டுக் கட்டடங்களுக்குச் சல்லியாகியிருக்க எல்லா வாய்ப்பும் இருந்தது.

இதற்கு மாறான நிலை பழைய கோட்டையில் காணப்படுகிறது. மகாபாரதத்தின் இந்திரப்பிரஸ்தம் அதுவே என்ற நம்பிக்கையில் பி.பி. லால் 1954–55இல் அங்குச் சோதனைக்குழி இட்டார். 1969 முதல் 1973 வரை பெரிய அளவில் அகழாய்வு நடந்தது. மௌரியர் காலந்தொட்டு முகலாயர் காலம்வரை இடையறாது மக்கள் வாழ்ந்த மண்ணடுக்குகள் வெளிப்பட்டன. ஒரே திடலில் இத்தனை காலத்துத் தொடர்ச்சி கிடைப்பது அரிது. லால் தேடிய வண்ணம் தீட்டிய சாம்பல்நிறப் பானையோடுகள் சில கிடைத்தன, ஆனால் தமக்குரிய தனி அடுக்கில் அல்ல. 2013க்குப் பின்னும் பலமுறை அங்கே அகழ்ந்துள்ளனர். மௌரியருக்கு முற்பட்ட அடுக்கை எட்டியதாக 2023இல் அறிவிப்பு வந்தது. அவ்வடுக்கு ஐயமற நிறுவப்பட்டாலும், பானையோடு காலத்தைச் சொல்லுமேயன்றிப் பாண்டவரைச் சொல்லாது. ஊர்ப்பெயரைப் பொறுத்தவரை சான்று இதைவிட வலுவானது. கோட்டைக்குள் இந்திரபத் என்ற ஊர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை இருந்தது. அதற்கும் முந்தைய சான்று, சாணக்யபுரியின் அண்டைப் பகுதியிலிருந்தே வருகிறது. ரைசினாவை ஒட்டியிருந்த சர்பன் என்னும் சிற்றூரில் கிடைத்த, கி.பி. 1328க்குரிய சமற்கிருதக் கல்வெட்டு, அவ்வூர் இந்திரப்பிரஸ்தப் பிரிவைச் சேர்ந்தது என்று குறிக்கிறது. தில்லியை ஆண்ட மரபுகளாகத் தோமரரையும் சௌகான்களையும் அவர்க்குப் பின்வந்த சுல்தான்களையும் வரிசைப்படுத்துகிறது. அது பொறிக்கப்பட்டது அரண்மனைக்காகவன்று. கேதலன், பைதலன் என்னும் இரு வணிகர் வெட்டிய கிணற்றுக்காக. முகம்மது பின் துக்ளக்கின் காலத்தில் கிணறு வெட்டிய வணிகரின் பெயர் இன்றும் நிற்கிறது. அதன்பின் சில பத்தாண்டுக்குள் எழுந்த மால்சா மகாலைக் கட்டியவன் யாரென்று கூற ஓரெழுத்தும் இல்லை.

எழுத்தில்லாத இடிபாட்டை அண்மைக்காலமும் சும்மா விடவில்லை. 1985இல், அவத் அரச மரபின் வாரிசுகள் என்று உரிமைகோரிய ஒரு குடும்பம், புது தில்லி இரயில் நிலையக் காத்திருப்பறையில் பல்லாண்டுகள் தங்கிப் போராடிய பின், அரசின் இசைவோடு மால்சா மகாலில் குடியேறியது. மின்சாரமும் குடிநீர்க் குழாயும் இல்லாத அக்காட்டுக் கட்டடத்தில் அவர்கள் ஒருவர்பின் ஒருவராக மாண்டனர். எஞ்சியிருந்த கடைசி மகன் 2017இல் இறந்தார். அவர்தம் அரச வழி உண்மையன்று என்பதை 2019இல் ஓர் அமெரிக்க நாளேட்டின் நெடும் புலனாய்வு வெளிக்கொணர்ந்தது. 2023இல் தில்லிச் சுற்றுலாத் துறை அங்கே ‘பேய்நடை’ நடத்தத் தொடங்கியது. பதினான்காம் நூற்றாண்டின் கட்டட நுட்பத்தைக் காண வேண்டியவர்கள் இப்போது ஆவியைக் காணச் செல்கின்றனர். பீமனின் கைத்தடிக் கதைக்கும் இதற்கும் இயல்பில் வேறுபாடில்லை. தூணுக்கு ஒரு பிரின்செப் வர வாய்ப்பிருந்தது, எழுத்து அதில் இருந்ததால். மால்சாவுக்கு எஞ்சியிருப்பவை சாந்தும் கல்லும் தரைக்கடியில் கிடக்கும் பானையோடுமே. சாந்தின் கலவையையும் கட்டுமான அடுக்குகளையும் முறையாக ஆராய்ந்தால் அரசன் பெயர் கிடைக்காவிடினும் கட்டடத்தின் காலமும் பயனும் தெளிவாகலாம். ஆவிக் கதையில் அதற்கு இடமில்லை.

மால்சா என்னும் பெயர் மட்டும் அரசர் எவருடையதும் அன்று. அது அங்கிருந்த உழவர் ஊரின் பெயர். 1911 டிசம்பரில் தலைநகர் மாற்றம் அறிவிக்கப்பட்டபின், 1894ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின்கீழ் ரைசினா, மால்சா முதலிய ஊர்களின் நிலம் எடுக்கப்பட்டது. விளைநிலமும் வீடுகளும் புது தில்லியாயின. பெரிய ஆணைகளைத் தேடும் தொல்லியலுக்கு இவ்வூர்கள் இன்னும் பொருளாகவில்லை. தூதரகத் தோட்டங்களுக்கடியில் அவற்றின் அடுப்பும் உறைகிணறும் இருக்கக்கூடும் என்று எவரும் குழியிட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை. ரைசினாப் பகுதி நிலத்துக்கு இழப்பீடு வந்து சேரவில்லை என்று, நூறாண்டு கழித்து, உடைமையாளரின் வழித்தோன்றல்கள் எனக் கூறியோர் நீதிமன்றத்தை நாடினர். இவ்வளவு காலம் கடந்த கோரிக்கையை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

மால்சாவிலிருந்து வெளியேறியோருள் ஒரு பகுதியினர் வடக்கே சோனிபத் மாவட்டத்தில் நிலம் பெற்றுக் குடியேறினர். அவர்கள் சேர்ந்த ஊருக்கு இன்று ஹர்சானா மால்சா என்று பெயர். சாணக்யபுரியில் அங்காடியும் பூங்காவும் கொண்ட மால்சா மார்க்கம் என்ற சாலைக்கும், காட்டுக்குள் நிற்கும் அந்த இடிபாட்டுக்கும் அவர்கள் விட்டுச்சென்ற பெயரே வழங்குகிறது.